மண் என்ன செய்கிறது?



நவம்பர் மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தும் இந்நாட்களில் வீடுகளில் ஒரு வழக்கு எழும்புவதுண்டு. "எங்கள் அப்பாவை அடக்கம் செய்த குழியை வேறொருவருக்காகத் தோண்டலாமா? கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிப் பத்திரப்படுத்தினால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசத்திலிருந்து பிறக்கும் கேள்வி இது. ஆகையால் கடிந்து பேசாமல் நியாயம் சொல்ல வேண்டும். அதற்கு முன், புதைத்த பொருளை மண் என்ன செய்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மண் வெறும் மூடியல்ல. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் ஓயாமல் வேலை செய்கின்றன. அவற்றுக்கு ஈரமும் காற்றும் சூடும் வேண்டும். மூன்றும் இருந்தால் சதை முதலில் போகும். எலும்பு நெடுநாள் நிற்கும். அதுவும் மண்ணின் குணத்தைப் பொறுத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் புளிப்புத் தன்மை அதிகம்; அது எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். சிப்பித் தூள் கலந்த கடற்கரை மணலிலோ எலும்பு அதிக காலம் தங்கும். காற்றுப் புகாத சேற்றில் காரியம் வேறு விதம். தேங்காய்த் தொண்டை உப்பங்கழிச் சேற்றில் பல மாதம் புதைத்து வைக்கிறவர்களுக்கு இது தெரியும். மிருதுவான பாகம் அழுகிப்போகிறது; நார் மட்டும் கெடாமல் நிற்கிறது; அதைத்தான் கயிறாகத் திரிக்கிறோம்.

சில பொருட்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் நிற்பதுண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளில் எலும்புகளோடு பொன் நெற்றிப் பட்டங்களையும் நெல் உமியையும் கண்டார். அதற்கு அருகிலுள்ள சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்ததாகத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு சட்டசபையில் அறிவித்தது. பழனி அருகே பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் இருந்த ஜாடியில் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 490. உமியில் மணற்சத்து மிகுதி. அதனால் அது எளிதில் மக்குவதில்லை.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். பொருந்தல் ஜாடியிலிருந்த நெல் இருபத்தைந்து நூற்றாண்டு கெடாமல் இருந்தது. ஆனால் ஒரு நாற்றும் அதிலிருந்து வரவில்லை. ஒரு குழந்தையின் பசியும் அதனால் ஆறவில்லை. அதே காலத்தில் வயலில் விதைத்த நெல்லில் ஒரு மணியும் இன்று மிஞ்சியில்லை. ஆனால் அந்த வழியில் வந்த நெல்தான் கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் விளைந்து நம் பானையில் கொதிக்கிறது. நிலைத்திருப்பது வேறு, வாழ்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

கோதுமை மணியைப் பற்றி நமதாண்டவர் சொன்ன உவமையைக் கேட்டுவிட்டு, "விதை நிஜமாகவே சாகிறதா?" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். சாஸ்திரப்படி பார்த்தால், செத்த விதை முளைக்காது. முளைக்கும் விதைக்குள் உயிர் உறங்கிக்கொண்டிருக்கிறது. யூதேயா நாட்டு மசாதாக் கோட்டையின் வறண்ட இடிபாடுகளில் கிடைத்த ஈச்சங்கொட்டை ஒன்று, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டு முளைத்தது. ஆனால் எகிப்திய கல்லறைக் கோதுமை முளைத்ததாகச் சொல்லப்படும் கதைகள் மெய்யல்ல. அப்படியானால் உவமை பிழையா? இல்லை. விதை தன் உருவத்தையும் சேமிப்பையும் இழக்கிறது. மண்ணில் புதைத்த பனங்கொட்டையைப் பாருங்கள்: ஓட்டுக்குள் இருந்ததெல்லாம் கிழங்குக்குப் போய்விடுகிறது, கடைசியில் கொட்டை வெறும் கூடு. தனக்கென்று வைத்திருந்ததை விட்டுக்கொடுப்பதையே ஆண்டவர் மடிதல் என்கிறார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். "அப்படியானால் அர்ச்சியசிஷ்டவர்களின் சரீரத்தை ஏன் பாதுகாத்து வணங்குகிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அர்ச். சவேரியார் 1552-ஆம் ஆண்டு சீனாவுக்கு அருகேயுள்ள தீவில் மரித்தபோது, எலும்புகளைச் சீக்கிரம் எடுத்துச் செல்ல எண்ணிப் பெட்டியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது சரீரம் அழியாதிருந்தது. அதுவே இன்று கோவாவில் இருக்கிறது. அர்ச். தேவசகாயமோ 1752-ஆம் ஆண்டு காற்றாடிமலையில் சுடப்பட்டார்; அவருடைய சரீரம் காட்டில் எறியப்பட்டது. விசுவாசிகளுக்குக் கிடைத்தவை எலும்புகளே. அவற்றைக் கோட்டாற்றில் சவேரியார் பெயர்கொண்ட கோவிலில் அடக்கம் செய்தார்கள். ஒருவருக்குச் சரீரம் அழியவில்லை. மற்றவருக்கு எலும்பே மிச்சம். திருச்சபை இருவரையும் ஒரே பீடத்துக்கு உயர்த்தியது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தபோது, மண் எவ்வளவு மிச்சம் வைத்தது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. சரீரத்தை மதிக்கிறது அது நெடுநாள் நிற்பதினால் அல்ல. அதில் ஓர் ஆத்துமம் குடியிருந்ததினால்தான்.

"மண்ணோடு கலந்துபோனால் எப்படி உயிர்த்தெழுவோம்?" என்ற பயமும் சிலருக்கு உண்டு. இது பழைய பயம். ஒரு மனிதனுடைய சதை வேறொரு மனிதனுக்கு உணவாகிப்போனால் என்ன ஆகும் என்று அர்ச். அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்ற நூலிலேயே விசாரித்திருக்கிறார். நாம் உயிரோடிருக்கும்போதே நம் சரீரத்தின் அணுக்கள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தொட்டிலில் கிடந்த பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே ஆள் என்று சொல்லத் தயங்குவதில்லையே! தகனத்துக்கும் 1963-ஆம் ஆண்டு திருச்சபை உத்தரவு கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அடக்கமே சிறந்தது என்று இன்றும் போதிக்கிறது; ஆனால் சாம்பலானவரைச் சர்வேசுரனால் எழுப்ப முடியாது என்று ஒருநாளும் போதித்ததில்லை.

ஆகவே சிமெண்டு கட்டுவதால் என்ன நடக்கிறது? அழிவு நிற்பதில்லை, தாமதமாகிறது, அவ்வளவே. ஆனால் இடம் நிரந்தரமாக அடைபட்டுப்போகிறது. கட்ட வசதியுள்ளவர் கட்டிவிடுகிறார். நாளை மரிக்கும் ஏழைக்கு ஆறடி மண் அகப்படுவதில்லை. மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கத்தின் கிரியை. பிறருக்கு அந்த இரக்கம் கிடைக்காதபடி நம் பாசமே தடை செய்யலாமா?

பிள்ளைகளின் மனவருத்தத்தையும் தள்ளிவிடக் கூடாது. போதிய ஆண்டுகள் செல்லுமுன் குழியைத் தொடுவது தவறு. வீட்டாருக்குச் சொல்லாமல் தோண்டுவதும் தவறு. எலும்புகள் கிடைத்தால் வெள்ளைத் துணியில் கட்டி, அதே குழியில் இன்னும் ஆழமாக வைத்து, ஜெபம் சொல்லி மூட வேண்டும். பெயரை எழுதி வைக்க ஒரு சிறு கல் போதும். அடக்கத்தின்போது பருத்தித் துணியும் பச்சை மாலையும் போதும்; பாலியெஸ்டரையும் பிளாஸ்டிக் பூவையும் மண் ஏற்பதில்லை.

ஒரே குழியில் ஒருவர்பின் ஒருவராக நம் முன்னோர் உறங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. உயிரோடிருந்தபோது ஒரே கோவிலில் முழந்தாளிட்டவர்கள், ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டவர்கள், மண்ணையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இம்மாதத்தில் சொந்தக்காரர் கல்லறையில் மெழுகுதிரி வைக்கும்போது, பெயர் தெரியாத பக்கத்து மேட்டிலும் ஒன்று கொளுத்தி, அந்த ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.