வலதுபக்கத்தில் நிற்கிறவன்

சகரியா மூன்றாம் அதிகாரம். எடுத்தாச்சா? பின்வரிசையில் இன்னும் தாள் புரளுகிற சத்தம் கேட்குது. மல்கியாவுக்கு முந்தின புத்தகம், அம்மா!

பிரதான ஆசாரியன் யோசுவா நிற்கிறான். மேலே அழுக்கு வஸ்திரம். வலதுபக்கத்தில் யார்? சாத்தான். கொம்பு உண்டா? வால் உண்டா? ஒன்றும் இல்லை. குற்றம் சாட்டுகிறதுதான் அவன் வேலை. எபிரெயத்தில் 'ஹ-சாத்தான்' என்று இருக்கிறது. அது ஆள் பேர் இல்லை, 'அந்த எதிராளி' என்று அர்த்தம். எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி. யோபுவிலும் அவன்தான். தேவபுத்திரரோடு வந்து நிற்கிறான். உத்தரவு இல்லாமல் யோபுவின் ஒரு ஆட்டைக்கூடத் தொட முடியவில்லை. பிலேயாமின் கழுதைக்கு முன்னால் பட்டயத்தோடு நின்ற கர்த்தருடைய தூதனுக்கும் இதே சொல்தான்! வழிமறிக்கிறவன்.

அப்புறம் எப்போது பெரிய ஆளானான்? தாவீது ஜனத்தைத் தொகையிட்டதை 2 சாமுவேல் 24-ல் பாருங்கள்: ஏவினது கர்த்தருடைய கோபம். 1 நாளாகமம் 21-ல்? சாத்தான். சம்பவம் ஒன்றுதான். நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிற்பாடு எழுதினது. கி.மு. 586-ல் எருசலேம் ஆலயம் இடிந்ததைக் கண்ட ஜனத்துக்கு, தீமையைக் கர்த்தர்மேல் வைத்துப் பேச நெஞ்சு நடுங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன். பிற்பாடு கும்ரான் சுருள்களில் பேலியாள் என்ற பேரில் அவன் ஒரு சேனைக்கே தலைவன். ஆதியாகமத்தில் வெறும் சர்ப்பம். வெளிப்படுத்தல் 12 வரும்போதுதான் சர்ப்பமும் சாத்தானும் ஒன்று. ஏசாயா 14-ல் பாபிலோன் ராஜாவை 'விடிவெள்ளி' என்று பாடின சொல், ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பில் 'லூசிபர்' ஆகி, பிசாசுக்கே பேராகிவிட்டது.

ஆனால் யோசுவாவின் வலதுபக்கத்தில் நின்றவனை மறந்துவிடாதீர்கள்! கிரேக்கத்தில் அவனைத் 'தியாபோலோஸ்' என்றார்கள், அவதூறு பேசுகிறவன். அதே வெளிப்படுத்தல் 12-ல், வலுசர்ப்பமான பிறகும், இரவும் பகலும் சகோதரரைக் குற்றஞ்சாட்டுகிறான். உருவம் மாறினது. வேலை மாறவில்லை. சொல்லுங்கள், வேலை?... மாறவில்லை!

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, "அவ புடவையைப் பார்த்தியா, அவன் குடிச்சிட்டு வந்திருக்கான் பார்" என்கிறீர்களே, அது யார் வேலை? சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். கர்த்தர் யோசுவாவிடம் அழுக்கு எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. கழற்றச் சொன்னார். புது வஸ்திரம் உடுத்தினார். சுத்தமான பாகை வைத்தார். வலதுபக்கத்தில் நின்றவனைத்தான் கடிந்துகொண்டார்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், நீங்கள் குறை சொல்லிச் சொல்லியே சபைக்கு வராமல் நின்றுபோன ஒருவருக்குப் போன் போடுங்கள். சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே போடுங்கள்.