தலைவரைப் பொறுக்குகிறவர் யார்?

பதவியைக் கேட்டுப் பெறுகிறவன் அதன் பாரத்தோடு தனியே விடப்படுவான், கேளாமல் வந்தவனுக்கு இறைவனின் உதவி உண்டு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை பகர்ந்திருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்களே என்பர் சிலர். வரப்போகும் பஞ்சத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் அறிந்தவர் அவர். நம் சங்கத்துக் காரியதரிசி பதவிக்கு அப்படி ஒரு பஞ்சம் வந்துவிடவில்லை!

ஆனால் பதவியைக் கேளாமல், பதவிக்கு ஆள் பொறுக்கும் கமிட்டியில் ஓர் இடம் கேட்டால்? 1888-ல் தோன்றிய அமெரிக்கக் கணித சங்கத்தில் இது நடைமுறை. அங்கே நியமனக் கமிட்டிக்கு ஒன்பது பேர். ஆண்டுக்கு மூவராக, மூன்றாண்டுத் தவணைக்கு, அங்கத்தினரே ஓட்டளித்து அமர்த்துகிறார்கள். தலைவர் முதலிய பதவிகளுக்கான அபேட்சகர் பட்டியல் இந்தக் கமிட்டியின் கையில். தலைவரின் அதிகாரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பட்டியல் எழுதுகிறவரின் அதிகாரமோ தெரிவதில்லை. ஆகவே அவரைக் கேள்வி கேட்பாரும் குறைவு. இந்த இடத்தை ஒருவர் விரும்பி நாடுவது தகுமா?

கி.பி. 644-ல் கலீபா உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். மகனார் அப்துல்லாஹ் (ரலி) ஆலோசனைக்கு மட்டும் இருக்கலாம், பதவியில் பங்கில்லை என்றும் விதித்தார்கள். அறுவருமே கலீபாவாகத் தக்கவர்கள், சிக்கலும் அதுவே. அவர்களில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வியாபாரி. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்து, தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழரிடம் கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டு, நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று முன்னேறியவர். அவர் என்ன செய்தார்? தமக்குக் கலீபா பதவி வேண்டாம் என்று முதலில் விலகினார். பிறகே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தம்மிடம் விடும்படி கேட்டார். இரவு தூக்கத்தையும் விட்டு மக்களின் கருத்தைக் கேட்டறிந்தபின், உதுமான் (ரலி) அவர்களுக்கு உறுதிமொழி அளித்தார்.

ஆகவே கேட்டதில் குற்றமில்லை என்பதே நம் எண்ணம். விலை கொடுத்துக் கேட்டார். தராசு பிடிக்கிறவனே சரக்கை வாங்குகிறவனாகவும் இருந்தால் நிறுவை எப்படி இருக்கும் என்று நம் வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1963-ல் இரு சங்கங்கள் இணைந்து உருவான உலக மின்பொறியாளர் சங்கத்தின் விதிகளிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. நியமனக் கமிட்டியில் இருப்பவர் அக்கமிட்டி பெயர் குறிக்கும் பதவிக்கு நிற்க விரும்பினால், கமிட்டியின் முதல் கூட்டத்துக்கு முன்பே அதை விட்டு விலக வேண்டும்; அவர் பெயரைச் சக கமிட்டிக்காரர் முன்மொழியவும் கூடாது.

பத்து பெரண்டாம் போன்ற சிற்றூரில் ஆட்கள் சிலரே, எல்லோரையும் இப்படி விலக்கினால் மிச்சம் யார் என்று கேட்பவர் உண்டு. ஆயுள் முழுதும் விலகச் சொல்லவில்லை. அந்த ஒரு தவணைக்கு மட்டுமே. வருடாந்தரக் கூட்டத்தில் தேர்வுக் கமிட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர், இந்தத் தவணையில் எந்தப் பதவியும் ஏற்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடட்டும். அதற்கு எத்தனை பேனா திறக்கிறது என்று பார்ப்போம்.