மேற்பூச்சும் மெய்ம்மையும்

பழுதைச் சீர்செய்வதற்கும் பழுதை மறைப்பதற்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது? இந்த வினாவை என்னுள் எழுப்பியது அறநூல் எதுவும் அன்று. ஒரு பழைய மோரிஸ் மைனர் கார்.

1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் காரை மலாயாவின் ஆசிரியர்களும் கிராணிமார்களும் விரும்பி ஓட்டிய காலம் ஒன்றுண்டு. என் தந்தையார் 1961-இல் ஒன்றை வாங்கினார். அக்காலச் சாயத்தில் நிறமும் பளபளப்பும் ஒன்றே. மெருகிட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். நிறத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றைத் தனியே இடும் முறை 1980-களில் பரவியது. பட்டறைகளில் அதனைக் 'கிளியர்' என்பர். எங்கள் காரும் 1988-இல் அப்பூச்சைப் பெற்றது. நிறம் வேறு, பளபளப்பு வேறு என்றாகிவிட்டது.

தெளிபூச்சின் குறைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகத் தோன்றுவதும், தூசி படிவதும், வழிந்து இறுகுவதும் மேற்பரப்பின் குறைகள். நன்கு காய்ந்தபின் 1500, 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றினால் தீரும். பொறுமை வேண்டும், எழுதும் தாளின் பருமன்கூட அப்பூச்சுக்கு இராது. உரிதல் அப்படியன்று. தெளிபூச்சுக்கும் நிறத்துக்கும் இடையிலிருந்த பிடிப்பே போய்விட்டது என்பதன் அடையாளம் அது. அதன்மேல் எத்தனை முறை பூசினாலும் புதியது பழையதைப் பற்றி நிற்கும். பழையதோ எதையும் பற்றி நில்லாது. உறுதியான இடம் வரை தேய்த்து நீக்கிவிட்டு, நிறத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே வழி.

1999-இல் காரை விற்க முனைந்தபோது பானட் உரியத் தொடங்கியிருந்தது. பட்டறை முதியவர் இரு வழிகளையும் கூறினார். "மேலோட்டமாகத் தேய்த்து அடித்தாலும் கண்ணாடியாக இருக்கும், சார். ஆனால் நிற்காது." முழுவதும் நீக்கிச் செய்ய மூன்று மடங்கு செலவாகும். விற்கப்போகும் வண்டிதானே என்று மலிவானதையே தேர்ந்தேன்.

வாங்க வந்தவர் ஓர் இளம் ஆசிரியர். பானட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "சாயம் புதிதுங்களா, ஐயா?" என்றார். "போன வாரம்தான் அடித்தது" என்றேன். அச்சொல்லில் பொய் இல்லை.

பொய்யில்லாச் சொல் வாய்மை ஆகிவிடுமா? பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என்றார் வள்ளுவர். அந்த அளவுகோலின்முன் என் உண்மை நிற்கவில்லை. பழம்பொருள் வாங்குவோர் ஆராய்ந்து வாங்கட்டுமே என்று வாதிடலாம். ஓரளவுக்கு நானும் அதனை ஏற்பேன். ஒவ்வொரு கீறலின் வரலாற்றையும் விற்பவன் ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இளைஞர் எவ்வளவு உற்று நோக்கினும் காண இயலாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். அவர் காணாதிருக்கவே பணமும் கொடுத்திருந்தேன். அன்றைய பளபளப்பைக் கொண்டு நல்ல வேலையையும் பொய் வேலையையும் எவரும் பிரித்தறிய முடியாது. செய்தவனும் செய்வித்தவனுமே அறிவர்.

மறு ஆண்டு ஒரு திருமண மண்டபத்தின் வெளியே அக்காரைக் கண்டேன். பானட், சட்டை உரிக்கும் பாம்பாக இருந்தது. அவர் என்னைக் கண்டதும் கூச்சத்துடன், "நான்தான் வெயிலில் நிறுத்திக் கெடுத்துவிட்டேன், ஐயா. உங்கள் அப்பாவின் வண்டி..." என்றார். நான் தலையசைத்துவிட்டு உள்ளே சென்றேன். அன்று உண்ட சோற்றின் சுவை எனக்கு நினைவில்லை.

மூன்று நாள் கழித்து நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதி, பட்டறைச் செலவுக்கான முழுத் தொகையையும் அனுப்பினேன். அவர் பெற்றுக்கொண்டார். பானட்டை உலோகம் தெரியும்வரை சுரண்டிப் புதிதாகச் சாயமும் அடித்தார். பின்னர் ஓரிரு முறை சந்தித்திருக்கிறோம். என்னை அவர் 'ஐயா' என்று அழைக்கவில்லை.