போலியும் நாமும்

பிறர் பொருளைக் கவர்தல் களவு என்பதில் நமக்கு ஐயமில்லை. பிறர் பெயரைக் கவர்தல் களவாகாதோ? இலட்ச ரூபாய்க் கைப்பையின் போலி, இணையச் சந்தையில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்னும் செல்லப்பெயருடன் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மெய்யென நம்பி வாங்கியவர் ஏமாந்தவர், அவர்மேல் குற்றமில்லை. போலிச் சின்னமிட்டு விற்பவருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. விற்பனையில் முனைந்து பங்குகொள்ளும் இணையத்தளம் ‘நாம் வெறும் இடையீட்டாளரே’ என ஒதுங்க இயலாதென்று, சிவப்பு அடிப்பாகக் காலணி வழக்கில் 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயின், அறிந்தே வாங்குபவர்? இத்தாலியில் அவருக்கும் அபராதம் உண்டு. தமக்கென வாங்குபவரை நம் வணிகச் சின்னச் சட்டம் தண்டிப்பதில்லை. எனவே அவ்வழக்கு மனச்சான்றின் மன்றத்திற்கே வருகிறது.

‘செல்வம் கொழிக்கும் நிறுவனத்திற்கு இதனால் என்ன நட்டம்?’ என அங்கே வாதிடுகிறோம். ஆனால் நாம் வாங்கியது தோலையும் நூலையும் அன்று. பிறர் கண்ணில் எழும் மதிப்பையே. சின்னமில்லாத அதே பையை 400 ரூபாய்க்கும் நாம் தீண்டியிரோம். விற்றவர் நம்மிடம் பொய் உரைக்கவில்லை. அவர் விற்ற பொய்யை விலைக்கு வாங்கி ஊராரிடம் உரைப்பவர் நாமே.

அத்தகைய பையொன்றை மகளுக்குப் பரிசளித்தோம். “இது அசல்தானா, அப்பா?” என்றாள். ஆம் என்னவும் நாவெழவில்லை. இல்லை என்னவும் மனம் வரவில்லை. தயங்கி நின்ற அக்கணமே நமக்கான தீர்ப்பு.