பெட்டியின் அளவும் உள்ளத்தின் அளவும்

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு சகோதரர் என்னருகில் வந்து அமர்ந்தார். பல ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு, குலசேகரத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர். "உஸ்தாத், ஒரு விசயம் கேக்கணும், சிரிக்கப்பிடாது" என்று தொடங்கினார். அடுக்களை அலமாரிகளோடு அலமாரியாக, மரக்கதவுக்குப் பின்னால் வெளியே தெரியாமல் அடங்கும் ஒரு பெரிய பிரிட்ஜை அவர் வீட்டார் விரும்புகிறார்களாம். விலையோ லட்சங்களில். "காசு ஹலாலா சம்பாதிச்சதுதான். ஸக்காத்தும் கொடுக்கேன். இருந்தாலும் மனசுல ஒரு உறுத்தல். இது இஸ்ராஃப் ஆகுமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. 'ஆகும், வாங்காதீர்கள்' என்று சொல்வது எளிது. 'உங்கள் காசு, உங்கள் விருப்பம்' என்று சொல்வது அதைவிட எளிது. இரண்டுமே மார்க்கத்தின் பதிலாகாது என்று என் உள்ளம் சொல்லிற்று.

அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அழகை விரும்புவது பெருமையன்று என்றும், சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கம் தந்தார்கள். ஆகவே ஒரு பொருள் விலையுயர்ந்தது என்பதனாலேயே அது பாவமாகிவிடாது.

சேமித்து வைப்பதும் பாவமன்று. யூஸுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டின் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பஞ்சத்திலிருந்து மக்களைக் காத்த வரலாறு குர்ஆனிலேயே இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை ஒதுக்கி வைத்ததாக ஸஹீஹான ஹதீஸ்களில் காண்கிறோம். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது, வாற்கோதுமைக்காக அவர்களுடைய போர்க்கவசம் அடகில் இருந்தது! ஓராண்டு உணவு சேமித்த வீட்டில் அடகு எப்படி வந்தது? கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள், ஆண்டு முடியுமுன் அது தீர்ந்துவிடும் என்று இமாம்கள் விளக்குகிறார்கள். அந்த வீட்டில் சேமிப்பும் இருந்தது. அதைத் திறந்து கொடுக்கும் கையும் இருந்தது.

அப்படியானால் எல்லை எங்கே? ஹிஜ்ரி 505ல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதனின் நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். இன்றியமையாதவை ளரூரிய்யாத், இல்லாவிட்டால் சிரமம் தருபவை ஹாஜிய்யாத், வாழ்வை அழகுபடுத்துபவை தஹ்ஸீனிய்யாத். கொளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வரும் மீனும், பாலும், பிள்ளைகளின் மருந்தும் நமது வெப்பத்தில் கெடாதிருக்க ஒரு பிரிட்ஜ் வேண்டும் என்பது இரண்டாம் படி. அது மரக்கதவுக்குள் மறைய வேண்டும் என்பது மூன்றாம் படி. மூன்றாம் படி ஹராமன்று. ஆனால் ஒரு கடனோ, ஓர் உறவினரின் உரிமையோ, ஓர் அண்டை வீட்டாரின் பசியோ குறுக்கே வந்தால், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது அதுதான்.

இஸ்ராஃப் என்பது விலைச்சீட்டில் எழுதப்பட்டிருப்பதன்று; பயனின்றிப் போவதிலேயே அது இருக்கிறது. எனவே அந்தச் சகோதரரிடம், "முதலில் அளவெடுத்தீர்களா?" என்று கேட்டேன். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளுகிறது. சாதாரண பிரிட்ஜை அழகுக்காக அலமாரிக்குள் அடைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். மின்சாரமும் வீண், பொருளின் ஆயுளும் குறையும். உள்ளே பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டதை வாங்கினாலும், அலமாரியின் அடியிலும் மேலும் காற்றுப்போக வழி விடவேண்டும். அகலம், உயரம், ஆழம் மட்டுமின்றி, கதவு முழுவதும் திறக்க இடமுண்டா, வீட்டு வாசல் வழியே அது உள்ளே நுழையுமா என்பதையும் பார்க்க வேண்டும். 2006ல் தொடங்கிய நட்சத்திரக் குறியீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அளவுக்கேற்பவே நட்சத்திரம் தரப்படுவதால், பெரிய பெட்டி அதிக நட்சத்திரம் பெற்றும் அதிக மின்சாரம் குடிக்கலாம். இவற்றைப் பாராமல் வாங்கிவிட்டு, ஓராண்டில் மாற்றுவதே தெளிவான வீண்விரயம். வாங்குமுன் அளவெடுப்பதும் அமானிதத்தைப் பேணுவதில் சேர்ந்ததே.

"நாங்க அஞ்சு பேரு; 600 லிட்டர் சொல்லுதாங்க" என்றார் அவர். இங்குதான் விசயத்தின் கரு இருக்கிறது. காலி இடம் சும்மா இருக்காது. நிரப்பு நிரப்பு என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மதீனாவில் ஓர் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளின்போது, பசியால் வாடிய கிராமத்து ஏழைகள் நகரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். அவ்வாண்டு, உள்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர், வந்திருந்த அந்த ஏழைகளுக்காகவே தடுத்ததாகச் சொல்லி, உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதிலிருந்து நாம் உணர்வது என்ன? சேமிக்கும் அனுமதி நம் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று; வாசலில் நிற்பவரின் பசியைப் பொறுத்தது.

இதை நான் கிதாபில் ஓதினேன். ஆனால் கற்றது ஒரு புயலில். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒகிப் புயல் நமது குமரி மாவட்டத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர்கள் பலர் திரும்பவேயில்லை. இங்கே ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்தன, பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரமில்லை. மறுநாள் எங்கள் வீட்டு பிரிட்ஜில் பனி உருகத் தொடங்கியது. உம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். உறைபெட்டியின் அடியில் ஒரு பொதி. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. அந்தப் பொதி பெருநாள் இறைச்சி! மூன்று நாளன்று, ஏறக்குறைய மூன்று மாதம்!

உம்மா ஒன்றும் பேசாமல், பின்கட்டில் ரப்பர் விறகை மூட்டி அதைக் கறியாக்கி, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்கள். நான் கொண்டுபோன ஒரு வீட்டில் ஒரு முதிய மாமி. மகன் ரப்பர் பால் வெட்டுபவர். மழை நாளில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. கிண்ணத்தை வாங்கிய மாமி, "பெருநாளைக்குப் பொறவு இப்பந்தான் மக்களே எறச்சி" என்றார்கள். நன்றியோடு சொன்ன சொல்தான். ஆனால் என் தலை குனிந்தது. மதீனாவுக்கு வந்த ஏழைகள் எங்கள் அடுத்த வீட்டிலேயே இருந்தார்கள். எங்கள் பெட்டி மூடியிருந்தது.

நமது ஷாபிஈ மத்ஹபில், சுன்னத்தான உள்ஹிய்யாவில் ஒரு பகுதியையேனும் பச்சை இறைச்சியாக ஏழைக்குக் கொடுப்பது கடமை. பரக்கத்துக்காகச் சிறிது எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவதே சிறப்பு. நாங்கள் கடமையை நிறைவேற்றியே இருந்தோம். சிறப்பைத்தான் உறைபெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்.

'பிரிட்ஜ் வந்த பிறகு கொடுக்கும் பழக்கமே போய்விட்டது' என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அக்காலத்தில் நாம் கொடுத்தது எதனால்? மிஞ்சிய மீனும் இறைச்சியும் நாளைக்குக் கெட்டுப்போகும் என்பதனால் அன்றோ! கெடுமென்று கொடுத்ததில் நம் தியாகம் எவ்வளவு? இன்று பிரிட்ஜ் உள்ளவன் நினைத்தால் ஆறு மாதம் வைத்திருக்கலாம். வைத்திருக்க முடிந்தும் ஒருவன் எடுத்துக் கொடுத்தால், அது கெடுமென்ற அச்சத்தால் கொடுத்ததன்று; அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது. நாம் விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமாட்டோம் என்பது குர்ஆனின் போதனை. ஆகவே இந்தப் பெட்டி நம் ஈகையின் எதிரியன்று. அதை எடைபோடும் தராசு.

அந்தச் சகோதரருக்கு இறுதியாக மூன்று விசயங்களைச் சொன்னேன். முதலாவது: கையிருப்புக் காசில் வாங்குங்கள். தவணையில் வாங்குவதானால், கடைக்காரர் ஒரே விலையாக முடிவுசெய்து, பின்னர் கூட்டாதிருந்தால் கூடும். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் வேறு கட்டணத்தின் பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எடுத்துச் சொன்னது. இரண்டாவது: வீட்டில் உண்பவர்களுக்கும் வந்துபோகும் விருந்தினருக்கும் தக்க அளவு வாங்குங்கள், பக்கத்து வீட்டாரின் கண்ணுக்குத் தக்க அளவன்று. மூன்றாவது: எதை வாங்கினாலும் மேல்தட்டில் ஒரு பகுதியை அண்டை வீட்டாருக்கென ஒதுக்கி, ஜும்ஆவுக்கு ஜும்ஆ அதைக் காலி செய்யுங்கள்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மூணாவதுதான் உஸ்தாத் கஷ்டம்" என்றார். எனக்கும் அதுதான் கஷ்டம் என்றேன். ஒகி வந்துபோன பிறகும் என் வீட்டு உறைபெட்டியின் அடித்தட்டை நான் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்சாரம் நின்றபின் திறக்கும் பெட்டிகளாக அல்லாமல், பசித்தவர் தட்டுமுன்னே திறக்கும் பெட்டிகளாக நம் வீடுகளையும் உள்ளங்களையும் ஆக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.