ஊரார் கண்ணும் உள்ளத்தின் கண்ணும்

ஒருவன் நிறுவையில் குறை வைக்காமல் விற்கிறான். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் அடைக்கிறான். அண்டை வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறான். இவனை நல்லவன் என்று சொல்லத் தயங்குவார் இல்லை. ஆனால் இவ்வளவையும் அவன் செய்வது ‘ஊர் என்ன சொல்லுமோ’ என்ற ஒரே அச்சத்தினால்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் அவனை நல்லவன் என்றே சொல்வோமா?

இது பழைய கேள்விதான். ஆயினும் வியாபாரிகளாகிய நமக்கு மற்றவர்களைக் காட்டிலும் நெருங்கிய கேள்வி. நம்முடைய முதலில் பாதி பெட்டியில் இருக்கிறது. மறுபாதி ஊரார் வாயில் இருக்கிறது. பெயர் கெட்டால் கடை கெட்டது. ஆகவே, ஊரார் கண்ணே எல்லாவற்றையும் ஆளுகின்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வது நலம். அப்படிப்பட்ட இடம் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிற்றூர்கள்.

அமெரிக்கா என்றவுடன் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும் ஹாலிவுட்டின் ஆடம்பரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டின் உட்பகுதியில் ஒஹாயோ முதல் நார்த் டகோட்டா, கான்ஸாஸ் வரை பரந்து கிடக்கும் 12 மாநிலங்களை நடுமேற்கு என்று வகுத்திருக்கிறார்கள். சோளமும் கோதுமையும் சோயாவும் விளையும் சமவெளி அது. ரயில் பாதையை ஒட்டி முளைத்த ஊர்கள் பல. ஆயிரம், இரண்டாயிரம் பேரே வாழும் ஊர்கள் ஏராளம். தொலைவிலிருந்து பார்த்தால் தானியக் களஞ்சியத்தின் உயர்ந்த கோபுரமும், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டியுமே முதலில் தெரியும். அருகே சென்றால் ஒரே கடைத்தெரு, இரண்டு மூன்று கிறிஸ்தவ தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிப் பிள்ளைகளின் பந்தாட்டம் என்றால் ஊரே திரண்டு போகும்.

இவ்வூர்கள் பழமையைப் போற்றுபவை. ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாகக் காக்கும் பழைய சட்டங்கள் அண்மைக் காலம் வரை அங்கே உயிரோடிருந்தன. நார்த் டகோட்டாவில் ஞாயிறு காலையில் பெரும்பாலான கடைகளைத் திறக்கக்கூடாது என்றிருந்த விதி 2019-இல்தான் நீங்கிற்று. இண்டியானாவில் ஞாயிறன்று கடைகளில் மது வாங்கிச் செல்லலாம் என்று அனுமதி தந்தது 2018-இல்தான்.

இனி அங்குள்ள வாழ்க்கையின் நன்மையைப் பார்ப்போம். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் அன்று மாலைக்குள் அண்டை அயலார் சமைத்த பாத்திரங்கள் அவ்வீட்டு மேஜையை நிறைத்துவிடும். பல ஊர்களில் தீயணைப்புப் படை என்பது சம்பளம் வாங்கும் படையன்று. மணி ஒலித்ததும் கடைக்காரனும் விவசாயியும் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருவன் அறுவடைக் காலத்தில் நோயில் விழுந்தால் பக்கத்துப் பண்ணையார்கள் தங்கள் யந்திரங்களோடு வந்து அவன் வயலை அறுத்துக் கொடுத்துப் போவதும் உண்டு. வழியில் எதிர்ப்படும் வண்டிக்காரர், முன்பின் தெரியாதவராயினும், விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிச் செல்வார்.

இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது எது? அன்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அன்போடு மற்றொன்றும் நிற்கிறது. வராதவன் யார் என்பதை அந்த ஊர் அறியும்; பத்து வருஷம் கழித்தும் நினைவில் வைத்திருக்கும். போலீஸ் செய்ய முடியாத காரியத்தை ஊரார் கண் செய்கிறது.

அந்தக் கண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. மின்னஸோட்டா மாநிலத்தின் ஸாக் ஸென்டர் என்னும் சிற்றூரில் 1885-இல் பிறந்த சின்க்ளேர் லூயிஸ், 1920-இல் ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்னும் நாவலை வெளியிட்டார். நகரத்தில் படித்த கேரல் என்ற பெண், சிற்றூர் டாக்டர் ஒருவரை மணந்து அவ்வூருக்கு வருகிறாள். ஊரைத் திருத்த நினைக்கிறாள். ஊரோ அவளுடைய உடையை, விருந்தை, பேச்சை, படிக்கும் புத்தகத்தைத் திரைச்சீலை மறைவிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறது. பகையாளி என்று ஒருவரும் இல்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் இருக்கிறார்கள். ஆயினும் அவளுக்கு மூச்சுத் திணறுகிறது. அவள் ஓடிப் போகிறாள். பிறகு திரும்பியும் வருகிறாள். இந்நூலைத் தங்களைப் பற்றியது என்றே ஸாக் ஸென்டர் மக்கள் எண்ணி முதலில் கோபித்தனர். 1930-இல் லூயிஸ் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கரானார். 1951-இல் ரோம் நகரில் இறந்தார். அவருடைய அஸ்தி அதே சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று அவ்வூர் தன் கடைத்தெருவுக்கு அந்நாவலின் பெயரையே பெருமையோடு சூட்டியிருக்கிறது. குறை சொன்னவனையும் காலம் கடந்து தன் பிள்ளையாக ஏற்கும் குணம் அந்த ஊருக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாபாரிகள் இக்கண்ணை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் நாம் அறிய வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிக்காகோவிலிருந்து பெரிய கம்பெனிகள் சரக்குப் பட்டியல் புத்தகங்களை அச்சடித்து அனுப்பித் தபால் மூலம் வியாபாரம் செய்யத் தொடங்கின. விலை மலிவு. சிற்றூர்க் கடைக்காரர்கள் கலங்கினர். சில ஊர்களில் அப்புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லித் தெருவில் தீயிட்டும் கொளுத்தினார்கள். வெளியூரில் வாங்குபவன் ஊர்த் துரோகி என்ற பேச்சு எழுந்தது. ஆகவே அக்கம்பெனிகளில் ஒன்று, பெட்டியின் மேல் தன் பெயரே இல்லாமல் சரக்கை அனுப்பியது. வாங்கியவர் யார் என்று உள்ளூர்க் கடைக்காரருக்குத் தெரியக்கூடாதல்லவா? பொது நன்மைக்கான கண் என்பது எவ்வளவு எளிதில் ஒரு சிலரின் லாபத்துக்குக் காவல்காரன் ஆகிவிடுகிறது என்பதை இதில் காண்கிறோம்.

ஆனால் இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு. நடுமேற்கின் பல ஊர்களில், பொழுது சாய்ந்த பிறகு நீக்ரோ மக்கள் ஊருக்குள் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் நடந்து வந்தது. ஊர் எல்லையில் பலகை எழுதி வைத்த இடங்களும் உண்டு. எழுதாமலே எல்லாரும் அறிந்திருந்த இடங்களும் உண்டு. ஜேம்ஸ் லோவன் என்ற அறிஞர் இவ்வூர்களைப் பற்றி ஆராய்ந்து 2005-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

அன்பர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையில் அந்தப் பலகையை நட்டவர்கள் யார்? துக்க வீட்டுக்கு உணவு கொண்டு போனவர்களே. நெருப்பு மணி கேட்டு ஓடியவர்களே. ஞாயிறு தவறாமல் தேவாலயம் சென்றவர்களே. அவர்கள் தர்மத்துக்கு ஒரு வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே தயை. வேலிக்கு வெளியே வேறு நியாயம். பலகை நட்டவனை ஊரார் கண் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, அதை எதிர்த்திருப்பவனைத்தான் கடிந்திருக்கும்.

‘எந்த எண்ணத்தோடு செய்தால் என்ன? பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் போதாதா?’ என்று சிலர் கேட்பதுண்டு. பசித்தவனுடைய வயிறு, கொடுத்தவனுடைய நிய்யத்தை விசாரிப்பதில்லை என்பது உண்மையே. முகஸ்துதிக்காகச் செய்த தர்மத்தால் செய்தவனுக்குப் பயன் இல்லை. பெற்றவனுக்காவது பயன் உண்டே என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மேலே கண்ட வரலாறு அந்தச் சமாதானத்தை முறியடிக்கிறது. ஊரார் கண்ணுக்காகச் செய்யும் நன்மை, ஊரார் கண் முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடுகிறது. யாரை ஊர் தன்னவன் என்று எண்ணவில்லையோ, அவன் வாசலுக்கு அந்தச் சோறு போய்ச் சேருவதில்லை. ஆகவே எண்ணம் எப்படியிருந்தாலும் ஒன்றே என்பது செய்பவனுக்கும் பொருந்தாது, பெறுபவனுக்கும் பொருந்தாது.

ஊரார் கண் வெறுப்பினால் மட்டுமே வேலை செய்வதில்லை. அன்பினாலும் வேலை செய்யும். இதற்கு நம் மனத்தைத் தொடும் உதாரணம் ஒன்று உண்டு. நார்த் டகோட்டாவில் ராஸ் என்னும் மிகச் சிறிய ஊரின் அருகே, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிரியா, லெபனான் பகுதியிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் சென்று குடியேறின. நம் முன்னோரில் பலரைப்போல் மூட்டை சுமந்து, பண்ணை பண்ணையாய் நடந்து, ஊசியும் நூலும் துணியும் விற்றவர்கள் அவ்வாறு சென்றவர்களிலும் உண்டு. ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் நிலம் சொந்தம் என்னும் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் பெற்றனர். வீடுகளில் கூடித் தொழுதவர்கள் 1929-இல் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினர். அமெரிக்க மண்ணில் பள்ளிவாசலுக்கென்றே எழுப்பிய கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அவர்களை அங்கிருந்து ஒருவரும் விரட்டவில்லை. ஆயினும் பிள்ளைகள் அயலாரிடையே மணம் முடித்தனர். சிலர் தேவாலயங்களில் சேர்ந்தனர். பலர் வேலை தேடி நகரங்களுக்குப் போயினர். தொழ ஆளில்லாமல் பழுதடைந்த பள்ளி 1970-களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அடக்கஸ்தலம் மட்டும் நின்றது. 2005-இல் அங்கே சிறிய பள்ளி ஒன்று நினைவாக எழுந்தது.

அவர்களைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஆளில்லாச் சமவெளியில், பனிக்காலத்தில், அயலாரின் அன்பைத் தவிர வேறு துணையில்லாதவர்கள் அவர்கள். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. ஊரின் இகழ்ச்சிக்கு அஞ்சி மாறுகிறவனைப் போலவே, ‘நீ எங்களவன்’ என்ற ஊரின் புகழ்ச்சியில் மகிழ்ந்து மாறுகிறவனும் உண்டு. பின்னது தெரியாமலே நடக்கும்.

அப்படியானால் சிற்றூர் மாறவே மாறாதா? மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் ஊர், ஜெர்மானிய வழிவந்த லூதரன் கிறிஸ்தவர்கள் மிகுந்த ஊர். அங்கே மூடிக் கிடந்த இறைச்சித் தொழிற்சாலையை 1987-இல் நியூயார்க்கிலிருந்து வந்த வைதிக யூதர்கள் வாங்கி, தங்கள் மத முறைப்படி அறுத்து விற்கத் தொடங்கினர். வேலைக்குக் குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து ஏழைகள் வந்தனர். ஊரார் முகம் சுளித்தனர். கடையில் குறித்த விலையைக் கொடுத்தே பழகிய அவ்வூருக்கு, விலை பேசுவதே மரியாதைக் குறைவாகத் தோன்றியது. நம் கடைத்தெருவில் அது தினசரி வழக்கம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். பின்னர் 2008 மே 12-ஆம் நாள் சர்க்கார் அதிகாரிகள் தொழிற்சாலையை வளைத்து, அனுமதிப் பத்திரமில்லாத 389 பேரைக் கைது செய்தனர். பிள்ளைகளும் பெண்களும் கதறிக்கொண்டு ஓடி அவ்வூர்க் கத்தோலிக்கக் கோயிலில் தஞ்சம் புகுந்தனர். அங்கே அவர்களுக்கு இடமும் உணவும் தந்தவர்களில் அவ்வூர்க்காரர்களும் இருந்தனர். அந்த ஏழைகளிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றுமில்லை. கிடைக்கக்கூடிய புகழும் ஒன்றுமில்லை. வேலி அன்று விலகிற்று.

இப்பொழுது நம் முதல் கேள்விக்கு விடை கூறலாம். ஊரார் கண் வேண்டாத பொருள் அன்று. அது கொடிக்குக் கட்டிய கொம்பு போன்றது. இளங்கொடி நிமிர்வதற்கு அது உதவும். சிறுவயதில் வெட்கத்துக்கு அஞ்சிச் செய்யும் நன்மை, பழகிப் பழகிப் பிறகு இயல்பாகிவிடுவதும் உண்டு. ஆனால் கொம்பு வேர் ஆகாது. வேர் உள்ளத்தில் இருக்கிறதா என்பதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு: நம்மைப் பற்றி ஊரில் ஒரு வார்த்தை நல்லதோ கெட்டதோ சொல்ல முடியாதவனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

நாமும் ஒருவகையில் சிற்றூர்க்காரர்களே. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பல லட்சம் பேர் நடுவே இருந்தாலும், நம் சங்கமும் நம் கடைத்தெருவும் நம் சொந்தபந்தமும் சேர்ந்து நமக்கென்று ஓர் ஊராகவே இருக்கின்றன. யார் வீட்டு நிக்காஹ்வில் யார் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். யார் நன்கொடைப் பட்டியலில் எவ்வளவு எழுதினார் என்பதும் தெரியும். இதனால் நடக்கும் நன்மைகள் மிகப் பல. அவற்றை இழக்க நாம் விரும்பவில்லை.

ஆனால் நாளை கப்பலேறிப் போய் மறுபடி வரவே வராத வழிப்போக்கன் கடைக்கு வந்தால், அவனுக்கும் அதே விலையா? நேற்று வந்திறங்கிய, மொழி தெரியாத, முறையிட ஆளில்லாத தொழிலாளிக்குப் பேசிய சம்பளம் பேசிய நாளில் போய்ச் சேருகிறதா? நம் சங்கத்தைச் சேராத, நம் மார்க்கத்தைச் சேராத அயல்வீட்டுக்காரன் வீட்டில் துக்கம் என்றால் நம் வீட்டு அடுப்பும் அவனுக்காக எரிகிறதா? நன்கொடைப் பட்டியல் இக்கேள்விகளுக்கு விடை சொல்லாது. இரவில் கடையைச் சாத்திவிட்டு, பேரேட்டை மூடுவதற்கு முன், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இது. அந்த நேரத்தில் ஊரார் கண் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்திருக்கும் கண் எது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.