கண்ணின் கீழே ஒரு குழி

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், முகம் எப்பொழுதும் உண்மையே பேசுகின்றதா? நன்றாக நித்திரை கொண்டு, தேக சுகத்தோடு இருக்கும் ஒருவரைப் பார்த்து, “என்ன, சுகமில்லையோ? கண் உள்ளுக்குப் போயிட்டுதே!” என்று கேட்பவர்கள் எத்தனை பேர்! கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். கேட்கப்பட்டவரோ அன்று முதல் கண்ணாடியின் முன் நிற்கத் தொடங்குகிறார்.

கண்ணின் கீழ் விழும் குழிக்குக் காரணங்கள் பல. சிலருக்கு அது பரம்பரையாக வருவது. வயது ஏற ஏற அவ்விடத்துக் கொழுப்புக் குறைகிறது; எலும்பும் சிறிது தேய்கிறது; மெல்லிய தோலிலே நிழல் விழுகிறது. வேறு சிலருக்கோ நித்திரையின்மையும் களைப்பும் அக்குழியை இன்னும் ஆழமாகக் காட்டுகின்றன.

இதனை ஊசி மூலம் நிரப்பும் ‘ஃபில்லர்’ முறை இன்று பரவி வருகிறது. பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலம் கொண்ட கூழ். நம் உடலிலும் இயல்பாகவே உள்ள இப்பொருளை, 1934ஆம் ஆண்டில் இரு ஆய்வாளர்கள் முதன்முதலாக மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். 2022இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கூழ் ஒன்றைக் கண்ணின் கீழ்க்குழிக்கென அனுமதித்தது. இதன் பயன் நிரந்தரமானதன்று. வீக்கமும் கண்டலும் உண்டாகலாம்; தோலுக்கு மிக அருகே ஏற்றினால் நீல நிறம் தெரியலாம். அரிதாக, மருந்து இரத்தக் குழாயினுள் புகுந்தால் கண்பார்வையே பறிபோகலாம். இதனை அதே நிர்வாகம் 2015இல் எச்சரித்துள்ளது.

அப்படியானால், இதனைச் செய்வது குற்றமா? 1958 ஒக்டோபரில், தம் மரணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதனை எல்லாவற்றுக்கும் மேலான நன்மையாக வைக்கவுமில்லை. நோக்கத்தையும் ஆபத்தையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதே அவரது போதனை.

அந்த நோக்கத்தை ஆராய ஒரு கேள்வி உதவும்: இந்தக் குழி பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா?

களைப்பே இல்லாதவரைக் களைத்தவராகக் காட்டும் குழி பொய் சொல்கிறது. ஆபத்தை அறிந்து, தகுதியுள்ள வைத்தியரிடம் சென்று, குடும்பத்தின் தேவைகளுக்குக் குறைவு வராமல் ஒருவர் அதனைத் திருத்திக்கொண்டால், அவரை வீண்பெருமைக்காரர் என்று பழிப்பது நீதியாகாது. உண்மையையும்கூட எல்லாருக்கும் பறைசாற்ற வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. எச்.ஐ.வி. நோயாளர் பலருக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று; அம்முகத்தைக் கண்டே அயலார் நோயை ஊகித்தனர். 2004இல் அவர்களுக்கென வேறொரு நிரப்பு மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அது அலங்காரம் மட்டுமன்று. மனிதருக்கு மதிப்பை மீட்டுக் கொடுத்த உதவியுமாகும்.

ஆனால், சாமம் வரை வேலை செய்து, விடியுமுன் எழுந்து, பிள்ளைகளையும் நோயுற்ற மாமியாரையும் தனியே பார்க்கும் ஒரு தாயின் கண்ணின் கீழுள்ள குழி உண்மையைச் சொல்கிறது. அது முதலில் சொல்வது கணவனுக்கு. பின்பு வளர்ந்த பிள்ளைகளுக்கு. அதனை மருந்தால் மூடிவிட்டால் முகம் மலர்ந்திருக்கும். பாரமோ இருந்தபடியே இருக்கும். உதவ வேண்டியவர்களும், “அம்மா நல்லாய்த்தானே இருக்கிறா” என்று இருந்துவிடுவார்கள்.

இளம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்திலே 2021 ஒக்டோபர் முதல், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அழகுக்காக இவ்வூசியை ஏற்றுவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. தன் முகத்தை இன்னும் அறிந்துகொள்ளாத வயதில் அதனைத் திருத்த முற்படுவது தகாது என்பதை அச்சட்டம் உணர்த்துகிறது. ஆனால் பிள்ளையின் மனதிலே அந்த எண்ணத்தை விதைப்பவை பெரும்பாலும் வீட்டிலும் விருந்திலும் நாம் சொல்லும் சொற்களே. அவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லை. நாம்தான் நாவை அடக்க வேண்டும்.

ஆகவே, ஊசியைத் தெரிந்துகொள்பவரைத் தீர்ப்பிடுவதற்கு முன், அவரைப் பார்த்த நம் கண்களைச் சோதிப்போம். வாடிய முகம் ஒன்றை நம் வீட்டிலே காணும்போது, அதைப் பற்றிப் பேசுவதை விட்டு, அன்றிரவே அவருடைய வேலையில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொள்வோமாக.